உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது

கருங்கல் சந்தைக்குப் பின்னால், ரப்பர் ஷீட் வாங்கும் கடையின் மாடியில், பழைய தாள்களைப் படமெடுத்துக் கணினிக்குள் ஏற்றும் நிலையத்திலிருந்து முதல் ரேகை தன் சொந்தக்காரியைத் தேடிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. போனது கனகபாயின் இடது பெருவிரல் ரேகை. போய்ச் சேர்ந்த இடம் ரேஷன் கடை. அதற்குச் சாட்சி, அரிசிக்கு வரிசையில் நின்ற பதினாறு பேரும், ஐந்து மாதமாக அவளிடம் "ரேகை விழல்ல பாட்டியம்மா, வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன கடைக்காரர் தபசிமுத்துவும். கூட்டிவர வேறு யாரும் இல்லாத கனகபாய், அன்றும் பழக்கத்தில் விரலை வைத்தாள். எந்திரம் பச்சை விளக்கைக் காட்டி அவள் பெயரைச் சொல்லி நன்றி சொன்னது. அவள் விரலைத் திருப்பிப் பார்த்தாள். உழுத வயல்போல வரி வரியாக இருந்தது.

"வந்துட்டு," என்றாள், பிந்தி வந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

முந்திரிக்கொட்டையை அந்தப் பக்கத்தில் அண்டி என்பார்கள். அதை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிற்சாலைக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். ஆபீஸ் என்றாலும் அங்கே பெண்களுக்கு நாற்காலி கிடையாது. வரிசையாகத் தரையில் குந்தி, வறுத்த அண்டியைக் கட்டையால் தல்லித் தல்லிப் பருப்பெடுப்பார்கள், ஓட்டிலிருந்து கசியும் கறுத்த சாறு விரல் நுனியைப் பொள்ளவைக்கும், பொள்ளாமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள், சாம்பலும் தன் பங்குக்குத் தோலை அரிக்கும். பத்து வருடம் தல்லியவளின் விரலில் பாதி ரேகை மிஞ்சும், இருபது வருடம் தல்லியவளின் விரல் கூழாங்கல்லாகிவிடும். அப்போது அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை, ஏனென்றால் அப்போது யாரும் அவர்களிடம் ரேகை கேட்கவில்லை. பிறகு ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக மூடின, பெண்கள் வீட்டுக்குப் போனார்கள், ஊரெங்கும் விரலைக் கேட்கும் எந்திரங்கள் வந்தன. ரேஷன் கடையில் கேட்டது, சிம் கார்டு கடையில் கேட்டது, தபால் நிலையத்தில் வருடம் ஒருமுறை நீ உயிரோடிருக்கிறாயா என்பதையே விரலிடம்தான் கேட்டது.

பன்னிரண்டு அண்டி ஆபீஸ்களை நடத்தி மூடிய அந்தக் கம்பெனி, தன் சரக்குக் கிட்டங்கியை விற்கும் முன் அதிலிருந்த தாள்களையெல்லாம் படமாக்கித் தரும் வேலையைக் கருங்கல் நிலையத்துக்குக் கொடுத்திருந்தது. நிலையத்தை நடத்தியவள் ஷைனி, பெங்களூரில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஒன்பது கணினிகளோடும் மூன்று ஸ்கேனர்களோடும் ஊர் திரும்பியவள். வேலை இப்படி: பெட்டி வரும், தாள்களை எண்ணுவார்கள், துருப்பிடித்த பின்களைக் கழற்றுவார்கள், ஒவ்வொன்றாக ஸ்கேனரில் விடுவார்கள், கடைசியில் படங்களை எண்ணி, தாளும் படமும் சரியாக இருந்தால் பெட்டியை மூடித் தாள்களைத் தூளாக்க அனுப்புவார்கள்.

படங்களைக் கடைசியாகப் பார்த்து ஒப்புதல் தருபவர் நேசையன். ஐம்பத்தெட்டு வயது; இருபது வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர்; அதற்கும் முன்னால், இருபத்தொரு வயதில், ஒன்றரை வருடம் அண்டி ஆபீஸ் ஒன்றில் எழுத்தருக்கு உதவியாளாக இருந்தவர். ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு மாடிப்படி ஏறி, வாசலில் இருக்கும் வருகைப்பதிவு எந்திரத்தில் இடது பெருவிரலை வைப்பார். அது "நேசையன், வருகை பதிவானது" என்று ஒரு பெண்குரலில் சொல்லும். அதைக் கேட்டால்தான் தான் வந்துவிட்டதாக அவருக்கே நம்பிக்கை வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் திரையில் கனகபாயின் பணிப் படிவம் வந்தது. பெயர், தகப்பன் பெயர், அங்க அடையாளம் எல்லாம் இருந்தன. ரேகைக் கட்டம் மட்டும் காலி. தாளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார், தாளிலும் காலி. புதன்கிழமை இருபத்திரண்டு காலிகள். வியாழக்கிழமை தபசிமுத்து ஒரு பட்டியலோடு மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"இங்க என்னவே செய்யுதீரு?" என்று நேசையனைக் கேட்டார். "எனக்க கடையில அண்டி ஆபீஸ்காரிகளுக்க செத்த வெரலெல்லாம் முளைக்குது."

அதையும் நேசையன் குறித்துவைத்திருந்த காலிகளின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பெயருக்குப் பெயர், நிமிடத்துக்கு நிமிடம் பொருந்தியது. ஸ்கேனரின் வெளிச்சம் தாளின் மேல் ஓடும் நொடியில், அதிலுள்ள ரேகை கழன்று, அது யாருடையதோ அவரிடம் போய்விடுகிறது, அவ்வளவுதான். ஷைனி ஸ்கேனரின் கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டு, "எந்தப் பெட்டி அடுத்தது?" என்று கேட்டாள்.

ஊர் இதைப் பற்றி ஆச்சரியப்பட நேரம் ஒதுக்கவில்லை, ஏனென்றால் ஏற்பாடு செய்யவேண்டியவை நிறைய இருந்தன. அடுத்த வாரம் எந்த அண்டி ஆபீஸின் பெட்டி என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் அறிவித்தார். மணவாளக்குறிச்சி பஸ்ஸின் கண்டக்டர் அதையே ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொன்னார். பெண்கள் பத்தரைக்கே படிக்கட்டில் வந்து அமர்ந்தார்கள், மாடி வரைக்கும் வரத் தேவையில்லை, வீட்டிலிருந்தாலும் ரேகை வரும் என்று ஷைனி எத்தனை முறை சொன்னாலும் கேட்கவில்லை; "அது வாறப்ப நாம எதிர்ல இருக்கண்டாமா" என்றார்கள், வெளிநாட்டிலிருந்து வரும் மகனைப் பற்றிப் பேசுவதுபோல. கிழங்கு அவித்துக் கொண்டுவந்தார்கள், மீன்கறி கொண்டுவந்தார்கள், ரப்பர் ஷீட்டின் புளித்த வாடைக்கு நடுவே உட்கார்ந்து தின்றார்கள், ஒருத்தி "எனக்கு வந்துட்டு" என்றதும் மற்றவர்கள் அவள் விரலை வாங்கிப் பார்த்து, "கொள்ளாம், நல்லாயிருக்கு, பழசு மாதிரியே இருக்கு" என்றார்கள், பழசை யாரும் பார்த்திருக்கவில்லை என்றாலும்.

இறந்துபோனவர்களின் ரேகைகள், அவர்கள் கடைசியாகத் தொட்ட பொருளில் போய் ஒட்டின. ஒருத்தியின் ரேகை கிணற்றுக் கயிற்றின் நுனியில் வந்தது. ஒருத்தியுடையது பேரனின் நெற்றியில். ஒருத்தியுடையது அலுமினியப் பானையின் அடியில் வந்து, அந்தப் பானை யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் மூண்ட சண்டை, மாதத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று சபை மூப்பர் தீர்ப்புச் சொல்லும்வரை ஓயவில்லை.

சென்னையிலிருந்த தலைமை அலுவலகம்தான் சிறிது தொந்தரவு செய்தது. ரேகைக் கட்டம் வெற்றாக உள்ளது, விளக்கம் தேவை என்று கடிதம் வந்தது. குறைபாடுகளுக்கென்று அவர்களே ஒரு பட்டியல் தந்திருந்தார்கள்: ஒன்று, கிழிந்தது, இரண்டு, கரையான் அரித்தது, மூன்று, ஈரம் பட்டது, நான்கு, மை மங்கியது. ஷைனி கொஞ்சநேரம் யோசித்து, ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தாள்: உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எண்ணோடு வந்த பதில் என்பதால் தலைமை அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது. பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கப்பட்டதா என்று மட்டும் கேட்டது. அதனால் படிக்கட்டின் கீழே ஒரு மேசை போட்டு, நீளமான ஒரு பதிவேடு வைத்தார்கள். ரேகை வந்தவள் தன் பெயருக்கு நேரே அந்த ரேகையையே மையில் தொட்டு வைத்துவிட்டுப் போகவேண்டும். அந்தப் பதிவேட்டை மட்டும் எக்காலத்திலும் ஸ்கேன் செய்யக்கூடாது என்று ஷைனி அதன் அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்தாள்.

நேசையனின் மனைவி லில்லிபாயும் அண்டி தல்லியவள். பத்தொன்பது வருடம். போன நவம்பரில் தபால் நிலைய எந்திரம் அவள் விரலை மூன்று முறை தள்ளிவிட்டது. உயிரோடிருப்பதாக அதிகாரி ஒருவரிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு வந்து, "நான் இருக்கேனாண்ணு போஸ்ட் ஆபீஸுல சந்தேகமாம், வேற ஒருத்தன் எழுதிக் குடுத்தா சந்தேகம் போயிடுமாம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். இந்த வருடம் கடிதம் வாங்கமாட்டேன், எனக்க வெரலே சொல்லட்டும் என்று உறுதியாக இருந்தாள். தன் ஆபீஸின் பெட்டி எப்போது வரும் என்று தினமும் நேசையனைக் கேட்டாள். நாற்பத்தோராம் பெட்டி என்றார் அவர். சொன்னபோது அவருடைய குரல் சரியாக இல்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

நாற்பத்தோராம் பெட்டி திறந்த அன்று தங்கபுஷ்பத்தின் படிவம் ஸ்கேனரில் ஓடியது. படிக்கட்டில் காத்திருந்த தங்கபுஷ்பத்தின் விரல் மொழுமொழுவென்றே இருந்தது. மாடியில், தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேசையனின் இடது பெருவிரல், சூடான டீ கிளாஸைத் தொட்டதுபோலச் சுட்டது. குனிந்து பார்த்தார். தன் ரேகையின் மேல், சற்றே சாய்ந்து, இன்னொரு ரேகை உட்கார்ந்திருந்தது.

அவருக்கு உடனே புரிந்தது. புரிவதற்கு முப்பத்தேழு வருடமாக ஆயத்தமாக இருந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்த வருடம், கை பொள்ளுகிறது, கையுறை வேண்டும் என்று கேட்டு, பதினொரு பெண்கள் வேலைக்கு வராமல் நாகர்கோவிலுக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போயிருந்தார்கள். மறுநாள் காலை ஆபீஸுக்குச் சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்ததும், எல்லாருக்கும் புதிதாகப் பணிப் படிவம் எழுதச் சொன்னார் மேலாளர். படிவத்தின் கடைசி வரி, கையுறை பெற்றுக்கொண்டேன் என்பது. இருந்தவர்கள் வாசிக்காமலே விரலை வைத்தார்கள். இல்லாத பதினொரு பேருக்கு என்ன செய்ய என்று கேட்டான் நேசையன். "ஏதாவது ஒரு வெரலை வெச்சு முடிடே, வெரல்ல பேரா எழுதியிருக்கு" என்றார் மேலாளர். நேசையன் தன் விரலை வைத்தான். பதினொரு முறை மையில் தொட்டு, பதினொரு முறை வைத்தான். அங்க அடையாளத்துக்குப் பத்துப் பேருக்கு இடது கன்னத்தில் மச்சம் என்று எழுதினான். மறுநாள் அதிகாரி படிவங்களைப் புரட்டிப் பார்த்தார், எல்லாரும் கையுறை வாங்கியிருந்தார்கள், மனுவின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். கையுறை பிறகு ஒருபோதும் வரவில்லை.

அவன் அதை ஒரு தப்பாக நினைத்திருந்தானா? இந்தக் கேள்வியை நேசையன் தன்னிடமே பலமுறை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் கிடைத்திருக்கிறது. சொன்னதைச் செய்தேன் என்று சில வருடங்கள் இருந்தார். அறியாத வயது என்று சில வருடங்கள். நான் வைக்காவிட்டால் இன்னொருவன் வைத்திருப்பான் என்பது எல்லாவற்றையும்விட நீண்டகாலம் தாக்குப்பிடித்த பதில். அந்தப் பதினொருத்தியில் ஒருத்தியைத்தான் மூன்று வருடம் கழித்து மணந்துகொண்டார். மணந்தபோது சொல்லலாம் என்று நினைத்தார். முதல் பிள்ளை பிறந்ததும் சொல்லலாம் என்று நினைத்தார். அவள் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே, சொல்லாமலிருப்பதற்குப் பழகிப்போனார்.

இரண்டு நாட்களில் பத்துப் படிவங்கள் ஓடின. பத்துப் பெண்களுக்கும் ரேகை வரவில்லை. பத்தும் நேசையனின் பெருவிரலில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அமர்ந்தன, விரல் தடித்து, மரப்பட்டைபோல ஆனது. வருகைப்பதிவு எந்திரம் அவரை அறியவில்லை என்றது. கத்தி பட்டுவிட்டது என்று பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு வந்தார். ஷைனி அவருக்கு மட்டும் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட இடம் கொடுத்தாள். லில்லிபாய் தேங்காய் எண்ணெய் சூடாக்கிக் கொண்டுவந்தபோது, வேண்டாம், ஆறிவிடும் என்றார்.

பதினோராவது படிவம் லில்லிபாயுடையது. அதை அவர் ஸ்கேனருக்கு விடவில்லை. ஓடினால் தன் விரலுக்குத்தான் வரும், அவள் விரல் வெறுமையாகவே இருக்கும், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஓடாதவரை அவள் காத்திருப்பாள், காத்திருப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தானே செய்கிறது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தாளை மடிப்பது அந்த வேலையில் பாவம். மடிக்காமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து மேசை இழுப்பறையில் பூட்டினார்.

ஊருக்குக் காரணம் தேவைப்பட்டது. பதிவேட்டில் பத்து வரிகள் காலியாக இருப்பதைப் படியேறுகிற எல்லாரும் பார்த்தார்கள். பத்துப் பேரும் அந்தக் காலத்தில் மனுக் கொடுக்கப் போனவர்கள் என்பது யாருக்கோ நினைவு வந்தது. வேலைக்கு வராமல் ஊர் சுற்றினவளுகளுக்கு ரேகை எப்படி வரும் என்றார்கள். படி அளந்தவனைப் பழி சொன்னால் விரல் விளங்குமா என்றார்கள். தங்கபுஷ்பம் இருபத்தாறு வருடம் தல்லியவள், ஊரிலேயே உரத்த குரல் உடையவள். மீன் சந்தையில் இந்தப் பேச்சைக் கேட்டவள் கையிலிருந்த சாளையைத் தட்டில் திரும்பப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போனாள். அதை லில்லிபாய் வந்து சொன்னாள்.

"அவ பேசாம போனதை எனக்குத் தாங்க முடியல்ல," என்றாள். "நாளைக்கு எனக்கும் வரல்லேண்ணா இதைத்தானே சொல்லுவாளுக. நானும்தானே போனேன்."

சனிக்கிழமை நாற்பத்தோராம் பெட்டியை மூடவேண்டும். தாள் அறுநூற்றுப் பன்னிரண்டு, படம் அறுநூற்றுப் பதினொன்று. மறுபடி எண்ணினார்கள்; மறுபடியும் ஒன்று குறைந்தது. தாள் குறைந்த பெட்டியை மூட முடியாது. மூடாத பெட்டி இருந்தால் கம்பெனி மீதிப் பெட்டிகளைத் தராது. இன்னும் நாலு ஆபீஸ்களின் பெண்கள் காத்திருந்தார்கள். பின் கழற்றும் விஜிலாவின் கையில்தான் தாள் கடைசியாக இருந்தது என்று யாரோ சொன்னதும், அவள் தன் சோற்றுப் பையை எடுத்து மேசையில் கவிழ்த்தாள்.

"பாத்துக்கிடுங்க மேடம். கிழங்கும் துவையலும்தான் இருக்கு."

"நான் ஒன்னைக் கேக்கவே இல்லையே விஜிலா," என்றாள் ஷைனி.

"நீங்க கேக்கல்ல. எல்லாரும் பாக்காங்க இல்லியா."

நேசையன் தன் இழுப்பறையின் சாவியைப் பைக்குள் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தான் வைத்த விரலுக்கு வேறு ஒருத்தி கணக்குச் சொல்கிறாள். முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்குப் பட்டது. இனி அறியாத வயது என்று சொல்லவும் வழியில்லை. எல்லாரும் போன பிறகு படிவத்தை எடுத்து, சட்டைக்குள் மார்போடு நிமிர்த்தி வைத்துக்கொண்டு, குனியாமல் வீட்டுக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மத்தியானம் கிழங்கும் சாளைக் கறியும் பரிமாறிவிட்டு லில்லிபாய் எதிரே அமர்ந்தபோது, அந்தப் படிவத்தை அவள் முன்னால் வைத்தார். அவள் கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் படித்தாள்.

"இது எனக்கதா?" என்றாள். பிறகு, "தாடைக்குக் கீழ் பழைய தழும்பு. இதை யாரு எழுதினது?"

"நான்தான்."

"இந்தத் தேதியில நாங்க நாகர்கோவில்ல இல்லியா இருந்தோம். எனக்க தழும்பு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு முன்னையே பாத்திருந்தேன்."

அவள் தாடையைத் தொட்டுக்கொண்டாள். "மத்தவளுகளுக்கு?"

"எல்லாருக்கும் இடது கன்னத்துல மச்சம்ணு எழுதினேன்."

"தங்கபுஷ்பத்துக்குமா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், படிவத்தின் கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். அதை மறுபடி ஒருமுறை படித்தாள். அவர் பிளாஸ்டரைக் கழற்றி விரலைக் காட்டினார். தங்கபுஷ்பம், சரோஜம், அன்னபாய், றோஸ்லெட், தாயம்மை என்று ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பத்துப் பெயரையும் சொன்னார். மேலாளர் சொன்னதைச் சொன்னார். மேலாளர் சொன்னதற்காக மட்டும் செய்யவில்லை, அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டுமென்றும் இருந்தது என்பதையும் சொன்னார்; அதை இதுவரை அவர் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

"அப்போ கையுறை வாங்கினதா எழுதிக் குடுத்தது நீங்க," என்றாள் லில்லிபாய். "அந்த அதிகாரியை நாங்க எத்தனை வருசம் சபிச்சோம் தெரியுமா? அவருக்கு மக செத்தப்போ, நல்லா வேணும்ணு சொன்னேன் நான். இந்த வாயால சொன்னேன்."

அவள் படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"கஞ்சி வைக்கியப்பவும் துணி தொவைக்கியப்பவும், வந்துட்டா வந்துட்டாண்ணு நான் வெரலையே பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க அதைப் பாத்துக்கிட்டிருந்திருக்கீங்க."

கிழங்கு ஆறியது. அவள் எழுந்து, "தின்னுங்க, வீணாகப் போவண்டாம்," என்றாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். "நாளைக்குப் பத்துப் பேரையும் நான் கூட்டிட்டு வாறேன். சொல்லவேண்டியது நீங்க. அவளுகளைப் பேசினவளுகளும் இருக்கணும், படிக்கட்டுல."

திங்கட்கிழமை காலை படிக்கட்டு நிறைந்து, சந்தைத் தெரு வரைக்கும் கூட்டம் நின்றது. நேசையன் மாடியிலிருந்து இறங்கி, பதிவேட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று, முதலில் விஜிலாவிடம் தாள் என்னிடம்தான் இருந்தது என்று சொன்னார். பிறகு பத்துப் பேரிடமும், மறைக்காமல், குறைக்காமல், அழாமல் சொன்னார்.

"கையுறை தந்தாச்சுண்ணு நீயா எழுதின?" என்றாள் தங்கபுஷ்பம்.

"நான்தான் அக்கா."

"அப்போ ஒனக்கு என்ன வயசு?"

"இருபத்தொண்ணு."

"எனக்கு இருபத்தி நாலு. எனக்கு அறிவு இருந்துதே."

"மன்னிக்கணும்."

"அதைப் பொறவு பாப்போம். எனக்குள்ளதை முதல்ல தா." அவள் அவருடைய பெருவிரலைப் பிடித்தாள், அண்டியைப் பிடிப்பதுபோல, இரண்டு விரலால், தப்பவிடாமல், தன் மழுங்கிய விரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். அவித்த கிழங்கின் தோல்போல மேலேயிருந்த ஒரு ரேகை கழன்று அவள் விரலில் ஏறி, ஒரு கணம் அசைந்து, அவளுக்குத் தக்கபடி வளைந்து படிந்துகொண்டது. அவள் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். படிக்கட்டில் இருந்தவர்கள் பக்கம் திருப்பி, ஒவ்வொருத்திக்கும் காட்டினாள், அவசரப்படாமல். "இன்னா, பாத்துக்கிடுங்கடீ, ஊர் சுத்தினவளுக்க வெரலு," என்றாள். கடைசியில் நேசையன் பக்கம் திரும்பி, "எனக்க கன்னத்துல எங்கலே மச்சம்?" என்று கேட்டாள். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், அவரால்தான் முடியவில்லை.

ஒவ்வொருத்தியாக வந்தாள், அழுத்தினாள், எடுத்துக்கொண்டாள். அன்னபாய் எடுத்துக்கொண்டு அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். றோஸ்லெட் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். சரோஜம் மட்டும் அவருக்கு முன்னால் வந்து நின்று, நீட்டிய விரலைப் பார்த்து, "எனக்கு வேண்டாம்," என்றாள். "கேட்டதைத் தராதவனிட்ட, அவன் தாறதை நான் வாங்கல்ல." தன் கூழாங்கல் விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, நிமிர்ந்து, கூட்டத்துக்கு நடுவே நடந்து போனாள். அவளை யாரும் குறை சொல்லவில்லை. பதிவேட்டில் அவள் வரியை ஷைனி காலியாகவே விட்டாள்.

பிறகு மாடிக்குப் போய் லில்லிபாயின் படிவத்தை ஸ்கேனரில் விட்டார்கள். வெளிச்சம் ஓடியது, அவர் விரல் சுட்டது, படம் அறுநூற்றுப் பன்னிரண்டு ஆனது. லில்லிபாய் அவர் எதிரே நின்றாள். பிடிப்பாளா என்று அவருக்குத் தெரியவில்லை, மாடியில் நின்றவர்களுக்கும் தெரியவில்லை, விஜிலா கையில் ஒரு பின்னோடு அப்படியே நின்றாள். கடைசியில் லில்லிபாய் தன் விரலை வைத்தாள், மற்றவர்களைவிட நீண்டநேரம் வைத்திருந்தாள், எடுத்தபோது அவளுடையதோடு சேர்ந்து, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த நேசையனின் சொந்த ரேகையும் கழன்று வந்து, அவளுடையதற்குப் பக்கத்தில் படிந்துவிட்டது. தாடைத் தழும்பை எழுதிய அன்று அந்தத் தாளில் அவன் கொஞ்சம் அதிகமாக அழுத்தியிருக்கவேண்டும். அவருடைய விரலில் மிஞ்சியது சரோஜத்தின் ரேகை மட்டும்.

மீதி நாலு ஆபீஸ்களின் பெட்டிகளும் வந்தன, ஓடின, மூடப்பட்டன. காலியான தாள்கள் தூளாகின. நவம்பரில் லில்லிபாய் தபால் நிலையத்துக்குக் கடிதமில்லாமல் போனாள். எந்திரம் முதல் தடவையிலேயே அவள் உயிரோடிருப்பதாகச் சொன்னது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தாள். நேசையன் சந்தையில் சரோஜத்தைக் காணும்போதெல்லாம் பையைக் கீழே வைத்துவிட்டுப் பெருவிரலை நீட்டுகிறார். முதல் இரண்டு மாதம் அவள் பார்க்காமலே போனாள். இப்போது நின்று, விரலைப் பார்த்து, "இண்ணைக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

வருகைப்பதிவு எந்திரத்துக்கு நேசையனைத் தெரிவதில்லை. அவருடைய ரேகை லில்லிபாயிடம் இருப்பதால், காலை ஒன்பது மணிக்கு அவள் மாடிப்படி ஏறி வந்து, அவருக்காக விரலை வைத்துவிட்டுப் போகவேண்டும். பழையபடி நோட்டில் கையெழுத்துப் போடுங்களேன் என்று ஷைனி சொன்னதை அவர் ஏற்கவில்லை. லில்லிபாய் எல்லா நாளும் வருவதில்லை. கையுறை நினைவுக்கு வருகிற நாட்களில் அவள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். அந்த நாட்களில் நேசையன் காலையிலிருந்து மாலைவரை நாற்காலியில் உட்கார்ந்து முந்நூறு படங்களைச் சரிபார்த்தாலும், எந்திரத்தைப் பொறுத்தவரை அவர் வரவில்லை. முதல் மாதம் பதினோரு நாள் வரவில்லை. அடுத்த மாதம் எட்டு. அந்த நாட்களைக் கழித்து ஷைனி காட்டும் சம்பளக் கணக்கில் அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவார்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். கீழே ரப்பர் கடைக்காரன் பூட்டைத் திறப்பான். கறிக்கு மீன் வாங்குபவர்களின் பேச்சு கேட்கும். அதற்கெல்லாம் நடுவே படிக்கட்டில் செருப்புச் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பார். இன்றும் ஒன்பது அடித்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. விஜிலா அவரைப் பார்க்காததுபோலப் பின்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சத்தம் வந்தது, பாதிப் படியில் ஒருமுறை நின்றது, மறுபடி ஏறியது.

"தள்ளி நில்லுங்க," என்றாள் லில்லிபாய், மூச்சு வாங்க, கையிலிருந்த மீன் பையை அவரிடம் கொடுத்துவிட்டு. ஈரத்தைப் புடவையில் துடைத்து, விரலை வைத்தாள்.

நேசையன், வருகை பதிவானது என்றது எந்திரம்.